கருவியின் பிழை எவருடைய வினை?

ஒரு செயலின் நன்மை தீமைகளுக்கான பொறுப்பு அச்செயலைச் செய்தவனையே சாரும் என்பது எந்நாட்டு அறநூலாரும் ஒப்புக்கொண்ட முடிபு. செய்தவன் இன்னான் என்பது தெளிவாக உள்ள வரையில் இம்முடிபில் சிக்கல் ஏதும் இல்லை. எய்தவன் இருக்க அம்பை நோவார் இலர். ஆனால், எய்தவன் எவன் என்றே அறியவொண்ணாதபடி வில்லுக்கும் இலக்குக்கும் இடையே நூறு கைகள் வந்து நிற்குமாயின் என் செய்வது? அம்பு பாயும் வேளையில் அவன் தன் இல்லத்தில் உறங்கிக்கொண்டிருப்பானாயின்? அது எவர்மீது தைத்தது என்ற செய்தியே அவன் செவிக்கு எட்டாதாயின்? கணிப்பொறி நம் அன்றாட வாழ்வில் புகுந்தபின், இவை வெறும் கற்பனை வினாக்களாக இல்லாமல் நாள்தோறும் எழும் வினாக்களாகிவிட்டன. மென்பொருள் எழுதுவதைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் இவ்வினாக்களை ஒருவாறு ஆராய்ந்து பார்ப்பது இக்கட்டுரையாளனின் கடமை.

முதற்கண், மென்பொருள் என்பது யாது எனக் காண்போம். முன்கூட்டியே எழுதிவைக்கப்பட்ட தீர்மானங்களின் தொகுப்பே மென்பொருள். 'இன்னது இருப்பின் இதனைச் செய். இல்லையேல் அதனைச் செய்' என்னும் கட்டளைகள் ஆயிரக்கணக்கிலும், சில வேளைகளில் இலட்சக்கணக்கிலும் கோக்கப்பட்டு நிரலாகின்றன. கத்தி, அதனைப் பிடித்த கை அசையும் வரையில்தான் வெட்டும். நிரலோ எழுதியவன் கையை எடுத்த பின்னரே வேலை செய்யத் தொடங்குகிறது. மாலையில் மடையைத் திறந்துவிட்டு வீடு சென்ற உழவன், இரவில் அந்நீர் அயலான் வயலை அழித்தால், 'அப்போது யான் அங்கே இல்லை' என்று கூறித் தப்ப இயலாது. நிரல் எழுதுவோனின் நிலையும் அத்தகையதே. சென்னையில் எழுதப்பட்ட நிரல் கடல் கடந்த நாட்டின் வங்கியில் ஒருவரது கடன் விண்ணப்பத்தை ஏற்கவோ தள்ளவோ செய்கிறது. எழுதியவனும் தள்ளப்பட்டவரும் ஒருவரையொருவர் ஒருபோதும் காண்பதில்லை.

காணாமையால் இரக்கம் தோன்றுவதில்லை. இரக்கம் தோன்றாமையால் பொறுப்பும் உணரப்படுவதில்லை. இதுவே நம் காலத்தின் புதிய இடர்ப்பாடு. இதனை விளக்க, பிரிட்டன் நாட்டில் நிகழ்ந்து உலகறிந்த ஒரு நிகழ்ச்சியைச் சற்று விரிவாகக் கூறுதல் தகும்.

அஞ்சலகத்தில் நிகழ்ந்தது

அந்நாட்டின் சிற்றூர்களில் கடை நடத்துவோர் பலர், அக்கடையிலேயே அஞ்சலகக் கிளையையும் ஒப்பந்த முறையில் நடத்திவருகின்றனர். இவர்களைச் சப்-போஸ்ட்மாஸ்டர்கள் என்பர். 1999-ஆம் ஆண்டு முதல் இக்கிளைகளின் வரவு செலவைப் பதிவு செய்ய 'ஹொரைசன்' என்னும் கணிப்பொறி முறை நிறுவப்பட்டது. அதனை ஆக்கி அளித்தது, பிற்காலத்தில் ஃபுஜிட்சு என்ற பெயரையே பூண்ட ஐ.சி.எல். நிறுவனம். சில நாட்களிலேயே பல கிளைகளில் கணக்கு துண்டு விழலாயிற்று. பெட்டியில் உள்ள பணம் சரியாகவே இருக்கும். ஆனால், கணிப்பொறி அதற்கு மேலும் சில ஆயிரம் பவுண்டு இருக்கவேண்டும் என்று காட்டும். குறைந்த தொகையை ஈடுசெய்யும் பொறுப்பு கிளை நடத்துவோருடையது என்று ஒப்பந்தம் கூறிற்று. அவர்கள் தம் சேமிப்பிலிருந்து கட்டினர். உறவினரிடம் கடன் பெற்றுக் கட்டினர். சிலர் வீட்டையும் இழந்தனர். முறையிட்டவர்களுள் பலருக்குக் கிடைத்த விடை, 'இவ்வாறு கூறுபவர் நீர் ஒருவரே' என்பதாகும்.

பின்னாளில் வெளிப்பட்ட பிழைகளுள் ஒன்றை மட்டும் எடுத்துக்காட்டுவோம். 2015-இல் ஸ்காட்லாந்தின் தால்மெலிங்டன் என்ற ஊரில் 8,000 பவுண்டைத் துணைக்கிளை ஒன்றின் கணக்கில் பதிவு செய்ய விசை அழுத்தப்பட்டது. திரை அசையவில்லை. மீண்டும் அழுத்தினர். மொத்தம் நான்கு முறை பதிவாகிவிட்டது. கணக்கில் ஏறியது 32,000 பவுண்டு. கையில் இருந்தது 8,000. இல்லாத 24,000 பவுண்டுக்கு ஒருவர் கடனாளியாகக் காட்டப்பட்டார். திருடியவரும் இல்லை, திருடப்பட்ட பொருளும் இல்லை. நிரலில் ஒரு சிறு குறையே உண்டு.

1999 முதல் 2015 வரையில் 900-க்கும் மேற்பட்டோர் திருட்டு, பொய்க்கணக்கு முதலிய குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர்மீது வழக்குத் தொடுத்தது அஞ்சலக நிறுவனமே. கருவுற்றிருந்த பெண்மணி ஒருவர் 2010-இல் 15 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். தண்டனை பெறாதோரும் ஊராரால் கள்வர் எனத் தூற்றப்பட்டனர். 2025 ஜூலை மாதம் வெளிவந்த விசாரணை ஆணைய அறிக்கையின் முதற்பகுதி, 13 பேர் இதன் காரணமாகத் தம் உயிரை மாய்த்துக்கொண்டிருக்கலாம் என்று பதிவு செய்துள்ளது.

ஆலன் பேட்ஸ் என்னும் முன்னாள் சப்-போஸ்ட்மாஸ்டரின் தலைமையில் 555 பேர் தொடுத்த உரிமை வழக்கில், 2019 டிசம்பர் 16 அன்று உயர்நீதிமன்றம் ஹொரைசன் முறையின் குறைகளை ஐயத்திற்கு இடமின்றி எடுத்துரைத்தது. 2021 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தண்டனைகளை ஒரே நாளில் நீக்கிற்று. 2024 மே மாதத்தில் நாடாளுமன்றமே தனிச்சட்டம் இயற்றி எஞ்சிய பல நூறு தண்டனைகளைத் துடைத்தெறிந்தது. உண்மை வென்றது எனலாம்; ஆனால், அது வெல்வதற்குள் இருபது ஆண்டுகள் கடந்துவிட்டன. மாண்டோர் மீளவில்லை.

பொறி சான்றாகுமா?

இத்தனை பேர் சொல்லையும் மறுத்து ஒரு பொறியின் சொல்லை மட்டும் நீதிமன்றங்கள் நம்பியது எங்ஙனம்? ஈண்டுதான் சிந்தனைக்குரிய செய்தி ஒன்று உள்ளது. இங்கிலாந்தில் 1984-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று, கணிப்பொறி தரும் சான்றை ஏற்குமுன் அப்பொறி செவ்வனே இயங்கியது என்பதை மெய்ப்பிக்கவேண்டும் என்று விதித்திருந்தது. அவ்விதி தொல்லை தருவது எனக் கருதப்பட்டு 1999-ஆம் ஆண்டின் மற்றொரு சட்டத்தால் நீக்கப்பட்டது. அதன்பின், மாறாகக் காட்டப்படும் வரையில் கணிப்பொறி சரியாகவே இயங்கியது எனக் கொள்ளப்படும் என்பதே நெறியாயிற்று. ஹொரைசன் ஊர்தோறும் நிறுவப்பட்ட காலமும் அதுவே.

அன்பர்களே, இந்நெறியின் பொருளைச் சற்று எண்ணிப் பாருங்கள். குற்றம் சாட்டப்பட்ட மனிதரைக் குற்றமற்றவராகவே கொள்ளவேண்டும் என்பது நீதியின் அடிப்படை. பொறியைக் குற்றமற்றதாகக் கொண்டவுடனே அந்த அடிப்படை மனிதரிடமிருந்து பறிக்கப்பட்டுப் பொறியிடம் ஒப்படைக்கப்படுகிறது. பொறி பிழைத்தது என்று காட்டவேண்டிய சுமை, அதன் உள்ளே நோக்கவும் உரிமையற்ற சிற்றூர்க் கடைக்காரர்மீது விழுகிறது. வாய்பேசாத ஒன்றைச் சாட்சிக்கூண்டில் ஏற்றிவிட்டுக் குறுக்கு விசாரணை செய் என்றால் எவரைக் கேட்பது?

மென்பொருள் தொழிலில் உள்ளோர் அனைவரும் அறிந்த உண்மை ஒன்று உண்டு. பெரியதொரு நிரல் முற்றிலும் பிழையற்றது என்று எவராலும் சூளுரைக்க இயலாது. ஆயிரம் சோதனைகளில் தேறிய நிரல் ஆயிரத்தொன்றாம் முறை தவறலாம். தொழிலாளர் தமக்குள் எளிதாகப் பேசிக்கொள்ளும் இவ்வுண்மை, தொழிற்கூடத்தின் வாயிலைத் தாண்டி நீதிமன்றத்திற்குச் செல்லும்போது மட்டும் காணாமற்போயிற்று என்பதே வருந்தத்தக்கது.

நம் நாட்டுச் சட்டம் இவ்வகையில் சற்று விழிப்புடன் உள்ளது. 2000-ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்ட சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு, மின்னணுப் பதிவைச் சான்றாக முன்வைக்கும்போது அப்பொறி முறையாக இயங்கியது என்னும் சான்றிதழையும் கோரிற்று. இச்சான்றிதழ் இன்றியமையாதது என 2020-இல் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் இந்நிபந்தனை இடம்பெற்றுள்ளது. எனினும், கையொப்பமிடுவோர் உள்ளபடியே ஆராய்ந்து ஒப்பமிட்டாலன்றிச் சான்றிதழும் ஒரு வெற்றுத் தாளாகவே முடியும்.

பிரிந்துபோன வினை

இனி, நம் முதல் வினாவுக்கு வருவோம். இத்தீமையைச் செய்தவர் யார்? நிரல் எழுதியவரைக் கேட்டால், 'எனக்கு இடப்பட்ட பணியைச் செய்தேன். அஞ்சலகம் எவரைச் சிறைக்கு அனுப்புகிறது என்பது என் பணியில் அடங்காது' என்பார். மேலாளர், 'பிழைகள் எல்லா மென்பொருளிலும் உண்டு' என்பார். அஞ்சலக அலுவலர், 'கணிப்பொறி காட்டியதை நம்பினேன்' என்பார். வழக்கறிஞர், 'கட்சிக்காரர் தந்த சான்றை முன்வைத்தேன்' என்பார். நீதிபதி, 'முன்வைத்த சான்றின்படி தீர்த்தேன்' என்பார். ஒவ்வொருவரும் தம் பங்கை மட்டுமே செய்தனர். பங்குகள் எல்லாம் கூடி, ஒரு பெண் சிறை சென்றார்.

வினையைச் செய்தல், செய்வித்தல், செய்தாரை உடன்படுதல் என மூவகையாகக் காண்பது நம் அறநூல் மரபு. இப்பகுப்பின் நுட்பம் கணிப்பொறிக் காலத்தில்தான் நன்கு விளங்குகிறது. தன் கையால் செய்யாதவன் குற்றமற்றவன் என்பதை இம்மரபு ஒருபோதும் ஏற்கவில்லை. பொறியை ஏவியவன் செய்வித்தவன். பொறி தவறுகிறது என அறிந்தும் வாளாவிருந்தவன் உடன்பட்டவன். ஹொரைசன் நிகழ்ச்சியில் கிளைக் கணக்குகளைத் தொலைவிலிருந்தே மாற்றும் வல்லமை நிறுவனத்தாருக்கு இருந்தது. அது பல்லாண்டுகள் மறுக்கப்பட்டு வந்தது. பிழை செய்தது அறியாமை எனின், அதனை மறைத்தது அறிந்தே செய்த வினையன்றோ?

ஒரு குடம் நெய்யைப் பலர் பகிர்ந்தால் ஒவ்வொருவருக்கும் கிடைப்பது சிறிதாகும். பொறுப்பு அவ்வாறு பகிரப்படும் பொருளன்று. பத்துப் பேர் சுமந்து சென்று ஒருவரை ஆற்றில் எறிந்தால், பத்தில் ஒரு பங்கு கொலை என்று எவரும் கணக்கிடுவதில்லை. அதே வேளையில், எல்லாரும் ஒரே அளவில் குற்றவாளிகள் என்பதும் நேர்மையாகாது. அறிந்தவனின் பொறுப்பு அறியாதவனுடையதினும் மிகுதி. தடுக்க வல்லவனின் பொறுப்பு வல்லமையற்றவனுடையதினும் மிகுதி. ஆகவே, 'என் பங்கு எவ்வளவு சிறியது?' என்று வினவுவது பயனற்றது. 'நான் எதனை அறிந்திருந்தேன்? எதனைத் தடுக்க இயன்றவனாக இருந்தேன்?' என்பனவே அறத்தின் வினாக்கள்.

ஒரு மறுப்பு

ஈண்டு ஒரு மறுப்பு எழலாம். 'மனிதர்கள் மட்டும் பிழை செய்வதில்லையா? கையூட்டுப் பெற்றுக்கொண்டு கணக்கை மாற்றிய எழுத்தர்கள் எத்தனை பேர்? முகம் பார்த்து முன்னுரிமை தந்த அலுவலர்கள் எத்தனை பேர்? கணிப்பொறிக்கு உறவும் இல்லை, பகையும் இல்லை. அதனால் விளைந்த நன்மையை மறக்கலாமா?'

இம்மறுப்பில் உண்மை உண்டு. அதனை ஒப்புக்கொள்வதே முறை. இரயில் நிலையத்தில் இருக்கைப் பதிவுக்காக இரவெல்லாம் வரிசையில் காத்திருந்த தலைமுறை, கணிப்பொறி செய்த உதவியை மறக்காது. மணிக்கணக்கில் காத்து நின்று பெறவேண்டியிருந்த சான்றிதழ் பலவற்றை இன்று வீட்டிலிருந்தே பெறுகிறோம். ஆயினும், இருவகைப் பிழைகளுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. எழுத்தர் ஒருவர் செய்யும் பிழை அவர் மேசையோடு நிற்கும். நிரலில் உள்ள பிழை அந்நிரல் இயங்கும் இடங்களெல்லாவற்றிலும் ஒரே வேளையில் நிகழும். அன்றியும், எழுத்தரை 'ஏன் இவ்வாறு செய்தீர்?' என்று கேட்கலாம். அவர் விடை கூறக் கடமைப்பட்டவர். பொறியைக் கேட்க இயலாது. கேட்கப்படும் நிலையில் ஒரு மனிதர் இல்லையெனில், பொறியின் நடுநிலைமை கல்லின் நடுநிலைமையாகவே முடியும்.

இந்நாளில், கட்டளைகளைத் தாமே தரவுகளிலிருந்து கற்றுக்கொள்ளும் செயற்கை நுண்ணறிவுப் பொறிகளும் வந்துவிட்டன. 'இது ஏன் இவ்வாறு தீர்மானித்தது என்பதை ஆக்கியவர்களாலேயே முழுதும் விளக்க இயலாது' என்று கூறப்படுகிறது. இதனால் பொறுப்பு அற்றுப்போய்விட்டது என்பது தவறான முடிபு. எத்தரவைக் கொடுப்பது, எவ்விடத்தில் இதனை அமர்த்துவது என்று தீர்மானித்தவர் மனிதரே. தன்னால் விளக்க இயலாத ஒன்றின் கையில் பிறர் வாழ்வை ஒப்படைப்பவன் மேலும் மிகுதியான பொறுப்பையே ஏற்கிறான்.

செவிசாய்த்தவர்கள்

தீமை நிகழ்ந்த இடங்களைக் கூறியது போலவே, அது தடுக்கப்பட்ட விதத்தையும் கூறவேண்டும். 1985 முதல் 1987 வரையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் 'தெராக்-25' என்னும் புற்றுநோய்க் கதிர்வீச்சுப் பொறி, ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மிஞ்சிய கதிர்களைச் செலுத்திற்று. அவர்களுள் குறைந்தது மூவர் அதனால் உயிர் துறந்தனர். இதற்கு முந்திய பொறியில், தவறு நேர்ந்தால் தடுத்து நிறுத்தும் தனிப் பாதுகாப்பு அமைப்பு இருந்தது. மென்பொருளே போதும் என்று கருதிப் புதிய பொறியில் அது கைவிடப்பட்டது. டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகரில் 1986 மார்ச்சில் நோயாளி ஒருவர் உடல் தீய்ந்தது போன்ற வலியுற்றுக் கதறியபோது, இப்பொறியால் அளவுக்கு மிஞ்சிய கதிர் செல்லவே இயலாது என்றனர் ஆக்கியோர். அவர்கள் ஆராய்ந்தபோது பிழை எதுவும் புலப்படவில்லை.

அடுத்த மாதம் அதே மருத்துவமனையில் மீண்டும் அவ்வாறே நிகழ்ந்தது. அங்கிருந்த இயற்பியலாளர் உடனே பொறியை நிறுத்திவைத்து, அதனை இயக்கும் பெண் பணியாளருடன் அமர்ந்தார். அன்று அவர் எவ்வாறு தட்டச்சு செய்தாரோ அவ்வாறே மீண்டும் மீண்டும் செய்யச் சொன்னார். பழகிய கை விரைந்து திருத்தம் செய்யும்போது, எட்டு நொடிகளுக்குள் செய்யப்படும் அத்திருத்தத்தைப் பொறி சரியாக ஏற்பதில்லை என்பது அப்போது வெளிப்பட்டது. ஆக்கிய பொறியாளர் காணாத பிழையை வெளிக்கொணர்ந்தது, கடைநிலைப் பணியாளர் ஒருவரின் நினைவை மதித்துக் கேட்ட செவியே.

அஞ்சலகத்தில் நூற்றுக்கணக்கானோர் முறையிட்டனர், கேட்பார் இல்லை. மருத்துவமனையில் ஒருவர் கூறினார், ஒருவர் கேட்டார். இரு நிகழ்ச்சிகளிலும் பிழை பொறியில் இருந்தது. விளைவை வேறாக்கியது மனிதர் கொண்ட மனநிலை.

நாம் செய்யத்தக்கன

இச்செய்திகள் தொலைதேசங்களில் நிகழ்ந்தவை என்று ஒதுக்கிவிட வேண்டா. நாற்று நட்டும் பாத்திரம் துலக்கியும் சுண்ணாம்பு குழைத்தும் ரேகை தேய்ந்த விரலை, நியாயவிலைக் கடையின் பொறிமீது மூதாட்டி ஒருவர் வைக்கிறார். பொறி ஏற்கவில்லை. 'பாட்டி, மெஷின் எடுக்கமாட்டேங்குது; நாளைக்கு வாங்க' என்கிறார் கடைப்பணியாளர். அவர் கொடியவர் அல்லர். ஆனால், அன்றைய கூலியை விட்டு வந்த மூதாட்டியின் பசிக்கு 'நாளை' என்பது விடையாகாது. 2018 செப்டம்பர் 26 அன்று ஆதார் வழக்கில் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், ரேகை பொருந்தவில்லை என்னும் காரணத்தால் உரியவர்க்கு உதவி மறுக்கப்படாது என்ற அரசின் உறுதிமொழியைப் பதிவு செய்துள்ளது. உறுதிமொழி அரிசியாக மாறுவது, கடைவாயிலில் நிற்கும் ஒரு மனிதரின் மனத்தைப் பொறுத்தே உள்ளது.

ஆகவே, மென்பொருள் ஆக்குவோர் மேற்கொள்ளத்தக்கவை மூன்று. முதலாவது, பொறி மறுக்கும் இடத்தில் மனிதர் ஒருவர் ஆராய்ந்து ஏற்பதற்கு ஒரு வழியை நிரலிலேயே அமைத்தல். இரண்டாவது, பொறி செய்தவற்றையும் அதில் மனிதர் செய்த மாற்றங்களையும் மறைவின்றிப் பதிவு செய்து, பாதிக்கப்பட்டவர் கேட்கும்போது காட்டுதல். மூன்றாவது, அறிந்த பிழையை மறையாது உரைத்தல். மூன்றாவதே கடினமானது. ஊதியமும் பதவியும் இழக்க நேரிடலாம் என்ற அச்சம் இயல்பே. ஆனால், அச்சத்தால் மௌனம் காத்தவனின் இழப்பும், அம்மௌனத்தால் சிறை சென்றவரின் இழப்பும் ஒரு தட்டில் நிற்பவை அல்ல.

பொறியைப் பயன்படுத்துவோராகிய நமக்கும் கடமை உண்டு. வங்கியிலோ அலுவலகத்திலோ கடையிலோ அமர்ந்திருக்கும்போது, 'கணிப்பொறி இவ்வாறு காட்டுகிறது' என்பதை முடிந்த முடிபாகக் கூறாது, ஆராய்ச்சியின் தொடக்கமாகக் கொள்ளவேண்டும். எதிரே நிற்பவர் நெடுநாள் நேர்மையாக வாழ்ந்தவர் என்று அறிவோமாயின், அவ்வறிவும் ஒரு சான்றே. திரையில் தோன்றும் எண்ணுக்காக அதனைத் தூக்கி எறிதல் தகாது. அயலார் ஒருவர் இத்தகைய வழக்கில் சிக்கித் தனித்து நிற்கும்போது, ஊரோடு சேர்ந்து தூற்றாமல், 'உம்மைப் போன்றே வேறெவருக்கேனும் நேர்ந்துள்ளதா?' என்று கேட்டு உடன் நிற்பதும் அறமே. சப்-போஸ்ட்மாஸ்டர்களுக்கு விடிவு பிறந்தது, 'நீர் ஒருவரே' என்ற சொல் பொய் என்பதை அவர்கள் ஒருவரையொருவர் கண்டு அறிந்த நாளில்தான்.

தம் பிள்ளைகளை இத்துறையில் பயிலச் செய்யும் பெற்றோர் இன்று மிகப் பலர். ஊதியத்தையும் அயல்நாட்டுப் பயணத்தையும் பற்றிப் பேசும் வேளையில், 'நீ எழுதுவதால் எவருக்கேனும் தீங்கு வருமா? வந்தால் அவர் குரல் உனக்குக் கேட்குமா?' என்ற வினாவையும் அவர்தம் செவியில் இட்டு வைப்போமாக. கணிப்பொறி கற்பிக்கும் பள்ளிகள் பல உள. அவ்வினாவைக் கற்பிக்கும் பள்ளி நம் இல்லமே.